காஸ்மோஸ், கோசோங்

இமாஸ் ரோஹாயத்தி பாண்டுங் நகரத்து ஓரம் உஜுங்பெருங்கில் ஒரு நடுநிலைப் பள்ளியில் முப்பது வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். தப்பாக அச்சான எதையும் அவளால் கண்டும் காணாமல் விட முடியாது. ஒருமுறை தூரத்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து நீட்டிய கல்யாணப் பத்திரிகையில் மூன்று பிழைகளைத் திருத்தி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் போனபோது அவளைச் சாப்பிட வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. பிழையைச் சொன்னது தப்பா, அச்சடித்தது தப்பா என்று வீடு வந்து சேரும்வரை புருஷனைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். விலாசம் கோணல்மாணலாக இருந்தாலும் கடிதத்தைச் சேர்த்துவிடுகிற ரகம்.

இப்படிப்பட்டவள் ஒரு ஹெவி மெட்டல் குழுவுக்குப் பாட்டெழுத நேர்ந்தது தம்பியால். தத்தாங் அப்போது நெசவு ஆலையில் பகல் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலங்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். குழுவுக்குத் துலாங் காராட் என்று பேர் வைத்திருந்தார்கள், துருப்பிடித்த எலும்பு.

"எலும்பு எப்படிடா துருப்பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"பனியன்ல போட்டா நல்லாருக்கும், தேத்தே" என்றான். அக்காவை அங்கே எல்லாத் தம்பிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் வாயில் மட்டும் அந்தச் சொல் எப்போதும் ஏதோ ஒன்றைத் தள்ளிப்போடத்தான் வரும்.

அந்தப் பக்கத்துக் குழுக்கள் எல்லாம் பாட்டுக் கட்டுவது ஒரே விதமாகத்தான். முதலில் மெட்டு. சொல் இல்லாததால் பாடுகிறவன் வாய்க்கு வந்ததை, இங்கிலீஷ் மாதிரி ஒலிக்கிற ஏதோ ஒன்றை, மெட்டின் மேல் போட்டு நிரப்பிப் பாடுவான். அதற்குக் கொப்பளிப்பு என்று பெயர். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். அதை ஒரு கேசட்டில் பிடித்து, இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் அசைகளை எண்ணி, அந்த அளவுக்குச் சரியான சொற்களை வைத்துக் கொடுப்பார். பாடகன் கொப்பளிப்பை மறந்துவிட்டுச் சொற்களைப் பாட வேண்டும். முறை அவ்வளவுதான்.

துலாங் காராட்டில் கொப்பளித்தவன் யாயத். சிச்சாஹெம் பேருந்து நிலையத்தில் அங்கோட் என்கிற ஷேர் வேன்களுக்கு ஆள் கூப்பிடுகிறவன். காலை ஆறு மணியிலிருந்து ஊர்ப் பெயர்களைக் கத்திக் கத்தி அவன் தொண்டைக்கு ஒரு கரகரப்பு வந்திருந்தது. அந்தக் கரகரப்புக்குப் பாண்டுங் முழுக்க ஆள் சேர்ந்தது. சொல் வைத்தவள் இமாஸ். தொண்ணூற்றாறிலிருந்து ஐந்து வருடத்தில் பன்னிரண்டு பாட்டு.

அந்த இரைச்சல் அவளுக்குப் பிடித்ததே இல்லை. கச்சேரிக்குப் போனால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசிச் சுவரோரம் நிற்பாள். ஆனால் சொற்கள் விஷயம் வேறு. கல்லூரி நூலகத்தில் பழைய கிரேக்கர்களைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது, அதை அவள் நான்கு முறை எடுத்துப் படித்திருக்கிறாள். உலகம் தாறுமாறாகக் கிடப்பதில்லை, அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்குக்குத்தான் காஸ்மோஸ் என்று பேர் என்று அதில் போட்டிருந்தது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இரைகிற வகுப்பில் நின்றுகொண்டு அதை அவள் நம்பினாள். முதல் பாட்டின் பல்லவியில் அந்தச் சொல்லையே வைத்தாள். விளையாட்டு மண்டபத்தில் எண்ணூறு பேர் கையை உயர்த்தி, "காஸ்மோஸ்! காஸ்மோஸ்!" என்று கத்தியது பஞ்சைத் தாண்டிக் கேட்டது. வாழ்க்கையில் தான் செய்த காரியம் ஒன்று வெளியே போய் நின்றதை அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அவள் பேர் மட்டும் எங்கும் வரவில்லை. முதல் கேசட்டில், வேலை நிரந்தரமாகும்வரை வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள். உள்தாளில் பாட்டுகள் அச்சாயின, எழுதியது துலாங் காராட் என்று போட்டார்கள். இரண்டாவதில் போடச் சொன்னாள். தத்தாங் மறந்துவிட்டான். மூன்றாவதில் அச்சகத்துக்காரன் மறந்துவிட்டான் என்றான். பிறகு யாயத்தின் தொண்டை போனது. அவன் விலகினான். வேறு பாடகர்கள் வந்தார்கள், அவர்கள் தங்கள் சொற்களைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். "அடுத்த தடவை போட்டுடலாம், தேத்தே" என்பது அடுத்த தடவை என்று ஒன்று இல்லாமலே இருபது வருடம் ஓடியது.

அதனால்தான் இந்த வருடம் தத்தாங் வந்து, யாயத் காலத்துப் பாட்டுகளை மட்டும் சேர்த்து ஒரு தொகுப்பு ஆல்பம் போடப்போகிறோம், ரசிகர்கள் நச்சரிக்கிறார்கள், கூடவே பாட்டுப் புத்தகமும் உண்டு என்றபோது, அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பேரு?"

"ரெண்டாம் பக்கத்துல. சொற்கள், இமாஸ் ரோஹாயத்தி. நானே பார்த்துப் போடச் சொல்லியிருக்கேன்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பாட்டையும் புதுத் தாளில் பிரதி எடுத்தாள். ஓர் இடத்தில் நிறுத்தக்குறி கூடப் பிசகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஒலிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்பவள் ரெங்கானிஸ் என்ற பெண். முப்பது வயசு, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். மூல நாடாக்கள் எங்கோ தொலைந்துவிட்டன. கேசட்டிலிருந்தே குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரிக்கிற மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். தத்தாங் பக்கத்தில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, நீங்க குடுத்த தாள் வேற ஏதாவது குழுவுக்கு எழுதினதா?"

"ஏன்? எழுத்துப்பிழையா?" என்றாள் இமாஸ். அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"பிழை எல்லாம் இல்ல. நீங்களே கேளுங்க."

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. யாயத்தின் தொண்டை மட்டும், குளியலறையில் தனியாக மாட்டிக்கொண்ட மாதிரி. "சிச்சாஹெஹெஹெம்... சுகாமிஸ்கின்ன்ன்... சிண்டாங்லாயாஆஆ..."

"இது ஒத்திகையா?"

"கேசட்டுல வந்ததே இதாம்மா. மேல இருந்த சத்தத்தை எடுத்துட்டேன், அவ்வளவுதான்."

அடுத்த வரியில் உஜுங்பெருங் வந்தது. அதற்கடுத்து சிபாடுங், சிபிரு. தான் தினம் பள்ளிக்கூடம் போகிற வேனின் பாதை வரிசையாக வருவதை இமாஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பல்லவி. அவள் சொல். அவளே உட்கார்ந்து அசை எண்ணி வைத்த சொல்.

"கோசோங்! கோசோங்!"

கோசோங் என்றால் காலி. இடம் காலி, வா, ஏறு என்று நிலையத்தில் ஆள் பிடிக்கிறவர்கள் நாள் முழுக்கக் கத்துவது அதைத்தான்.

அவள் காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். "உனக்குத் தெரியுமாடா?"

"நான் கிட்டார்ல இருந்தேன், தேத்தே. எனக்கு எங்க கேக்கும்?"

"இருபத்தெட்டு வருஷமாவா?"

"இருபத்தெட்டு வருஷமும் கிட்டார்லதானே இருந்தேன்."

"பன்னிரண்டும் கேட்டுட்டேன்" என்றாள் ரெங்கானிஸ். "எட்டு பாட்டு சிலெஞி வேன் லைன். மூணு லெடெங் லைன். ஒண்ணு மட்டும் என்னன்னு புரியல. ஏதோ மளிகைச் சாமான் மாதிரி இருக்கு."

தத்தாங் பஜ்ஜியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். ஆபத்து என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்திருந்தது, அதுவும் அக்காவைப் பற்றி அல்ல. "இவ்வளவு சுத்தமா கேட்டுச்சுன்னா நம்மள ஓட்டியே கொன்னுடுவாங்க. ஒண்ணு பண்ணலாம். பாட்டுப் புத்தகம் வேண்டாம். பழைய போட்டோ நிறைய இருக்கு, அதைப் போட்டு நிரப்பிடலாம்."

"என் பேரு?"

"சொல்லே இல்லாதப்ப சொற்கள்னு எப்படிப் போடறது? நன்றிப் பட்டியல்ல போட்டுடறேன். டீ வாங்கிக் குடுத்தவங்க எல்லாம் இருக்காங்க, அவங்களோட."

இமாஸ் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பாள், ஆனால் திட்ட வேண்டிய ஆள் வேறு இடத்தில் இருந்தான்.

சிச்சாஹெம் போகிற வேனில் அவள் யோசித்ததெல்லாம் யாயத்தைப் பற்றி அல்ல. காஸ்மோஸ் என்று அவள் தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். ஒரு முறை அல்ல, நாற்பது ஐம்பது முறை. காது கேட்டதா, மனசு முன்கூட்டியே சொல்லிவைத்ததைக் காது ஒப்புக்கொண்டதா? அப்படியானால் வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கிறபோதும் தான் கேட்பது தன்னைத்தானா? இந்த இடத்தில் அவளுக்குத் தலை வலித்தது. வேன் நிற்கிற ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு பாட்டு வரியாக வேறு இருந்து தொலைத்தது.

யாயத் நிலையத்தில்தான் இருந்தான். இப்போது ஆள் கூப்பிடுவதில்லை. வேன்கள் கிளம்புகிற நேரத்தைக் குறித்து வைக்கிற வேலை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு, கழுத்தில் ஒரு விசில். தொண்டையில் டாக்டர் இரண்டு தடவை கத்தி வைத்த பிறகு மிச்சமிருந்தது காற்று மட்டுமே. பேருந்துகளின் உறுமலுக்கு நடுவே அவன் பேச்சைக் கேட்கக் குனிந்து காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். இமாஸுக்கு நின்றபடி கத்தத்தான் வந்தது.

"நான் எழுதிக் குடுத்ததுல ஒரு வரியாவது பாடினியா நீ?"

"உட்காருங்க டீச்சர்" என்றது காற்று. "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கேள்விக்குப் பதில் சொல்லு!"

"இல்ல."

ஒரு வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, காங் யாயத் பழைய பாக்கியா?" என்றார். காங் என்பது அண்ணன். நிலையத்தில் எல்லாருக்கும் அவன் அண்ணன்.

"டீச்சருக்கு இன்னிக்குத்தான் கோசோங் கேட்டிருக்கு" என்றான் யாயத், விரலால் தன் காதைத் தட்டிக்காட்டி.

டிரைவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வேனிலிருந்தும் ஒரு தலை நீண்டது. "கோசோங்கா? அது எங்க பாட்டுல்ல! நாங்க அம்பது பேரு லைன் வேனை எடுத்துக்கிட்டே வருவோம் கச்சேரிக்கு. முன்னாடி நாங்க கோசோங்னு கத்துவோம், பின்னாடி காலேஜ் பசங்க கையில தாளை வெச்சுக்கிட்டு வேற என்னவோ கத்துவானுங்க. காஸ்... காஸ் அடுப்போ என்னவோ."

"காஸ்மோஸ்" என்றாள் இமாஸ்.

"அதான். யாரும் யாரோடயும் சண்டைக்குப் போகல."

அப்போதுதான் அவளுக்கு முழு அளவும் தெரிந்தது. நிலையம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக. டீக்கடைக்காரிக்குத் தெரியும், டயர் ஒட்டுகிறவனுக்குத் தெரியும். தெரியாதவள் எழுதியவள் ஒருத்திதான்.

"ஏன்னு சொல்லு" என்று கடைசியில் உட்கார்ந்தாள். "சோம்பேறித்தனமா? திமிரா?"

யாயத் நோட்டில் ஒரு வேனின் நேரத்தைக் குறித்தான். விசில் ஊதினான். வேன் கிளம்பியது. பிறகுதான் திரும்பினான்.

"உங்க கையெழுத்து, டீச்சர். எல்லா எழுத்தும் கையைக் கோத்துக்கிட்டு ஓடும். நான் படிச்சது அஞ்சாவது வரைக்கும்தான். அச்சு எழுத்துன்னா தட்டுத்தடுமாறிப் படிப்பேன். அதைப் படிக்க முடியல."

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே. ஒரே ஒரு தடவை. 'தி'ன்னு ஆரம்பிக்குதே, அதை எப்படிச் சொல்றதுன்னு. நாக்கைப் பல்லுக்கு நடுவுல நீட்டுன்னீங்க. நீட்டினேன். இன்னும் கொஞ்சம்னீங்க. எல்லாரும் சிரிச்சானுங்க. நீங்களும் சிரிச்சீங்க." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. குற்றச்சாட்டுக்கு வேண்டிய குரலும் இல்லை. "ஒலிக்கூடம் ஆறு மணி நேரத்துக்குத்தான் வாடகை. தத்தாங் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு ஆரம்பின்னு கையாட்டறான். கைல உங்க தாள். எனக்குத் தூக்கத்துலகூட வர்றது லைன் பேரு. அதையே கொப்பளிச்சேன். முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினானுங்க. நீங்களும் அங்கதான் இருந்தீங்க. 'உச்சரிப்பு தேறிடுச்சு யாயத்'னு சொன்னீங்க."

அவளுக்கு நினைவிருந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னதில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதும் நினைவிருந்தது. பிறகு ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, "அந்த மளிகைச் சாமான்?" என்றாள்.

"அன்னிக்கு எங்கம்மா வாங்கிட்டு வரச் சொன்னது. மறந்துடுவேனோன்னு பயம்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது போய் உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

மறுவாரம் தத்தாங் வீட்டில் கூடினார்கள். அச்சகம் கெடு வைத்திருந்தது. புத்தகம் உண்டா இல்லையா என்று அன்றைக்குள் சொல்லியாக வேண்டும். யாயத்தும் வந்திருந்தான். ரெங்கானிஸ் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் பேசினாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணு தோணுது. குரலைக் கொஞ்சம் கீழ இறக்கிடறேன். கிட்டாரை மேல ஏத்தினா பழைய கேசட் மாதிரியே புதைஞ்சுடும். ஒருத்தனுக்கும் தெரியாது. உங்க சொல்லு, உங்க பேரு, அப்படியே போட்டுக்கலாம்."

"பிரமாதம்!" என்றான் தத்தாங். "புத்தகம் உண்டு. பேரும் உண்டு. தீர்ந்தது, தேத்தே."

"நானும் சத்தியம் பண்றேன்" என்றது காற்று. "யாரு வந்து கேட்டாலும் டீச்சர் எழுதினதைத்தான் பாடினேன்னு சொல்றேன். எங்கிட்ட இனிமே யாரும் பாடிக் காட்டச் சொல்லமாட்டாங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாகக் கேட்டுவந்த பேர் மேசைமேல் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். அவள் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. ரெங்கானிஸைக் குரலை இறக்கிக் காட்டச் சொன்னாள். கேட்டாள். அந்த அரைகுறை இரைச்சலுக்குள்ளிருந்து காஸ்மோஸ், காஸ்மோஸ் என்று மறுபடியும் தெளிவாக வந்தது. இல்லாத சொல்லைக் காது இவ்வளவு விசுவாசமாகக் கொண்டுவந்து கொடுத்தது அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏத்து" என்றாள்.

"எதை?"

"குரலை. நீ சுத்தம் பண்ணின அளவுக்கே ஏத்து. அவன் பாடினது என்னவோ அது கேக்கட்டும்."

"தேத்தே, அப்போ உங்க பேரு..."

"போடு. சொற்கள், இமாஸ் ரோஹாயத்தி. அதுக்குக் கீழ இன்னொரு வரி. பாடப்படவில்லை."

தத்தாங் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "பாடப்படவில்லையா? உலகத்துல எந்தக் குழுவாவது பாட்டுப் புத்தகத்துல இப்படிப் போட்டிருக்கா?"

"உலகத்துல எந்தக் குழுவாவது மளிகைச் சாமானைப் பாடியிருக்கா? நான் எழுதினேன், அது உண்மை. அவன் பாடல, அதுவும் உண்மை. ரெண்டுல ஒண்ணை மட்டும் அச்சடிச்சா அதை நான் எப்படிடா வீட்டுல வெச்சுக்கறது?"

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் சிரிச்சிருக்கேன்ல." அவள் யாயத்தைப் பார்க்கவில்லை. "எதிர்ப்பக்கத்துல அவன் பாடினதைப் போடணும். பேரு அவனோடது."

"அதை யாரு எழுதறது?" என்றாள் ரெங்கானிஸ். "எனக்குப் பாதி ஊரு பேரு புரியல."

யாருக்கும் புரியவில்லை. தத்தாங்குக்கு வழக்கம்போல் கிட்டார்தான் கேட்டது. ஆகவே அந்த வேலையும் இமாஸ் தலையிலேயே விழுந்தது. மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து, யாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி எழுதினாள், இந்தத் தடவை அச்சு எழுத்தில். ஏழாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் நிறுத்தினாள்.

"உஜுங்பெருங்குக்கு அப்புறம் நேரா சிபிரு வருது. நடுவுல சிபாடுங் எங்க?"

"விட்டுட்டேன் போல."

"எப்படி விடுவே? ஒரு நாளைக்கு நாப்பது தடவை கத்தின ஆளு!"

"மூச்சு பத்தல, டீச்சர். அந்த மெட்டுல இடமே இல்ல. நீங்களே எண்ணிப் பாருங்க."

அவள் விரல் விட்டு எண்ணினாள். இல்லைதான். ஆனாலும் ஊர் இருக்கிறதே, வரைபடத்தில் இருக்கிறதே, வேன் அங்கே நிற்கிறதே என்று கை துறுதுறுத்தது. மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டாள். உஜுங்பெருங், ஒரு மூச்சு, சிபிரு.

"என்ன மனுஷன்யா நீ" என்று சொல்லிக்கொண்டே, சிபாடுங் இல்லாமலே அந்த வரியை எழுதினாள்.